பெர்சியஸ் கொத்தின் நடுவில் ஒரு ரேடியோ படம்: பட்ட பாடு

என்ஜிசி 1275-இன் குறைந்த அதிர்வெண் படம் ஒருவழியாகத் தேறிவிட்டது. பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் இந்த ராட்சத கேலக்ஸியை அடுத்துத் தொடப் போகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவின் ரேடியோ ஆண்டெனாத் தொகுதியான விஎல்ஏ-வின் காப்பகத்தில் டேட்டா இலவசம், டவுன்லோடும் சுலபம். அதை எங்கே வைப்பது என்பதுதான் தலைவலி. சர்வரில் கூடுதல் இடத்துக்குத் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார் பொறுப்பாளர். வாங்கிப் போனால், "இது பழைய ஃபார்ம் தம்பி, புதுசுல எழுதிட்டு வாங்க." இரண்டுக்கும் வித்தியாசம் தேதிக் கட்டம் இருக்கும் மூலை மட்டும்தான்.

சீனியர் ஒருவர் சொன்னாரென்று 'ஏ' அமைப்பு (ஆண்டெனாக்களை அதிகபட்சம் பரப்பி வைப்பது) டேட்டாவில் ஆரம்பித்தது இன்னொரு வீண் அலைச்சல். 350 மெகாஹெர்ட்ஸில் 5.6 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) துல்லியம். சரி, ஆனால் ஆண்டெனாக்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் 155 ஆர்க்செகண்டுக்கு மேல் விரிந்தது எதுவும் சிக்காது. எனக்கு வேண்டியதோ மையத்தைச் சுற்றிப் பரந்து கிடக்கும் மங்கலான ரேடியோ ஒளிவட்டம், அதாவது மினி ஹாலோ. ஆண்டெனாக்கள் இன்னும் நெருங்கி நிற்கும் 'பி' அமைப்பில்தான் அது தலைகாட்டியது. துல்லியம் 18.5 ஆர்க்செகண்ட், போதும்.

360 முதல் 380 மெகாஹெர்ட்ஸ் வரை செயற்கைக்கோள் தொல்லை. யோசிக்காமல் வெட்டிவிடுங்கள்.

மையக்கரு கண்ணைக் கூசும் பிரகாசம். அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பொய் உருவங்கள் வரும். செல்ஃப் கேலிப்ரேஷனில் (கிடைத்த படத்தையே மாடலாக வைத்து டேட்டாவைத் திருத்துவது) முதலில் ஃபேஸ் (அலையின் கட்டம்) மட்டும். ஆம்ப்ளிட்யூட் (அலையின் வீச்சு) பக்கம் கடைசியில் போங்கள். எந்தப் பகுதி நிஜம் என்று குறிக்கும் மாஸ்க்கைத் தாராளமாகப் போட்டால் பொய்யும் மாடலுக்குள் நுழைந்துவிடும். அப்புறம் எத்தனை சுற்று ஓட்டினாலும் நிஜம் மாதிரியே நிற்கும். படத்தையும் அகலமாக எடுங்கள். அரை பாகைக்குள் என்ஜிசி 1265 என்ற இன்னொரு கேலக்ஸி வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை மாடலில் சேர்க்காவிட்டால் அதன் சைட்லோப் (சுற்றிலும் சிதறும் பொய் ஒளி) ஹாலோ மேலேயே வந்து விழும்.

வடமேற்கில் ஒரு நீட்சி வந்தது. பட்டதெல்லாம் போதாதென்று இதையும் நம்ப மனசில்லை. சந்திரா விண்வெளித் தொலைநோக்கியின் எக்ஸ் கதிர் படத்தை மேலே பொருத்தினேன். கொத்தின் சூடான வாயுவில் இருக்கும் வெளிக்குழியை நோக்கித்தான் போகிறது! மையக்கருவிலிருந்து பீறிடும் ஜெட்டுகள் முன்னொரு காலத்தில் ஊதிவிட்ட குமிழி அது. எலெக்ட்ரான்கள் ஆற்றலை இழந்துவிட்டதால் உயர் அதிர்வெண்ணில் மங்கிப்போகிறது. உள்ளே வடக்கிலும் தெற்கிலும் இருக்கும் குழிகளில் ரேடியோ மடல்கள் கச்சிதமாக நிரம்பியிருந்தன. அன்றைக்குக் கேன்டீனில் எல்லோருக்கும் என் செலவில் டீ.

ஒன்று விட்டுப்போச்சு: ஸ்பெக்ட்ரல் இண்டெக்ஸ் (அதிர்வெண் மாறும்போது பிரகாசம் எப்படி மாறுகிறது என்பது) வரைபடம் போடுவதாக இருந்தால் இரண்டு அதிர்வெண் டேட்டாவிலும் யூவி வரம்பை (ஆண்டெனா இடைவெளிகளின் வரம்பு) ஒன்றுபோல வெட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஹாலோவின் விளிம்பில் வரும் எண்களை யாரிடமும் காட்ட முடியாது.