கேட்கப் பழக்கியவர்

எங்கள் காலத்துப் பாடசாலைக் கொயரை (பாடகர் குழுவை)ப் பற்றி எழுதித் தரும்படி பழைய மாணவிகள் சங்க மலர்க் குழுவினர் கேட்டார்கள். அந்தக் கொயரை எங்கள் சங்கீத ரீச்சர் எப்படி உருவாக்கினார் என்பதையே எழுத விரும்புகிறேன். லண்டனில் இப்போது ஒரு தேவாலயப் பாடகர் குழுவை நடத்திவருகிறேன். பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு மாலையும் அவரிடம் கற்றதைக் கொண்டுதான் போகிறேன்.

போரினால் 1990இற்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைத்தால் ஜாம் போத்தல் விளக்கு. கிடைக்காவிட்டால் பொழுதுபடுவதற்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும். மண்டபத்துப் பியானோவுக்குச் சுருதி கூட்ட ஆள் இல்லாமல் அது பிசகிப் போய்விட்டது. ரீச்சர் அதை மூடிவைத்துவிட்டு, பௌதிக ஆய்வுகூடத்தில் 512 (நொடிக்கு அத்தனை அதிர்வு) என்று பொறித்த, தட்டினால் ஒரே சுரத்தை ஒலிக்கும் இசைக்கவை ஒன்றைக் கேட்டு வாங்கினார். மேற்கத்திய வாத்தியங்கள் 'ஏ' சுரத்தை 440 ஆகக் கொள்வதால் அவற்றின் மேல் 'சீ' ஏறக்குறைய 523இல் நிற்கும். எங்கள் கவை அதைவிடச் சற்றுத் தாழ்வு. ரீச்சர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "எல்லாரும் ஒரே இடத்தில நிண்டால் காணும், பிள்ளையள்" என்பார். கவையைத் தட்டி, அதன் காம்பை மேசைப் பலகையில் ஊன்றுவார். அந்த ஒலி அடங்கும் வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

தாளுக்கும் தட்டுப்பாடு. நான்கு குரல்களுக்கும் பிரதி எடுத்துக் கொடுப்பதைக் கனவிலும் நினைக்க முடியாது. ஆனால் சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் சொல்ஃபா முறைக்கு மேலைநாட்டு இசைக்குறிப்பின் ஐந்து கோடு தேவையில்லை. இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி, ஜோன் கேர்வன் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்துப் பரப்பிய முறை அது. டோ, ரே, மீ என்பவற்றின் முதலெழுத்துகள், தாளத்தைப் பிரிக்க முக்காற்புள்ளி, அரைத் தாளத்துக்கு ஒற்றைப் புள்ளி, அவ்வளவுதான். ரீச்சர் கரும்பலகையில் எழுதுவார். நாங்கள் கொப்பியில் பார்த்தெழுதுவோம். எழுதும்போதே பாதிப் பாட்டு மனத்தில் ஏறிவிடும்.

சொற்களை அவர் உடனே தரமாட்டார். முதலில் எல்லாம் 'நூ' என்ற ஒரே ஒலிதான். பெண்குரல்களில் தாழ்ந்ததான அல்ரோ பாடும் எனக்கு, உயர்ந்ததான சொப்ரானோ வரியும் தெரிய வேண்டும்; அவர்களுக்கு எங்கள் வரி தெரிய வேண்டும். எல்லா வரிகளும் பழகிய பிறகு குரல்களைக் கலந்து நிறுத்துவார். என் இரு பக்கமும் வேறு வேறு வரி ஓடும். இடையே நடந்து வந்து ஒருத்திக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்பார்: "பக்கத்தில நிக்கிறவளின்ர குரல் உனக்குக் கேக்குதோ? கேக்காட்டி நீ கூடச் சத்தம் போடுறாய்." ஒரு கொயரைத் திருத்துவதற்கு இதைவிடச் சிறந்த கேள்வி ஒன்றை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

வாத்தியம் இல்லாமல் பாடினால் சுருதி இறங்கும். ஒரு கீதம் முடிந்ததும் கவையைத் தட்டிப் பார்ப்போம். இறங்கியிருந்தால் எந்த இடத்தில் நழுவியது என்று தேடச் சொல்வார். பெரும்பாலும் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடமாக இருக்கும், அல்லது படிப்படியாகக் கீழிறங்கும் இடமாக இருக்கும். "ஏறேக்க எட்டி வையுங்கோ, இறங்கேக்க சின்னனா வையுங்கோ." நீண்ட வரிகளில் அடுத்தடுத்து நிற்கும் இருவர் ஒரே நேரத்தில் மூச்செடுக்கக் கூடாது. ஒலியிலிருந்து மெல்ல விலகி, மூச்செடுத்து, மெல்லத் திரும்ப வேண்டும். கேட்பவர்களுக்கு அந்த வரி அறுபடாத நூலாகத் தெரியும்.

பக்கத்து ஆண்கள் கல்லூரியோடு சேர்ந்து 'அல்லேலூயா' கோரஸ் பாடிய நத்தார் ஒளிவிழாவை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஹண்டல் 1741இல் எழுதி, 1742 ஏப்பிரலில் டப்ளினில் முதன்முதல் அரங்கேற்றிய 'மெசாயா' என்ற பெரும் இசைப்படைப்பின் இரண்டாம் பாகம் அந்தக் கோரஸோடுதான் முடிகிறது. அதன் நடுவில் 'அவர் என்றென்றும் அரசாளுவார்' என்ற பொருளில் வரும் வரியை முதலில் ஆண்களின் தாழ்ந்த குரலான பாஸ் எடுக்கும். பிறகு ஆண்களின் உயர்ந்த குரலான ரெனர், அதன்பின் அல்ரோ, சொப்ரானோ. புதிதாக ஒரு குரல் நுழையும்போது ஏற்கெனவே பாடிக்கொண்டிருப்பவர்கள் ஒதுங்கி அதற்கு இடம் விட வேண்டும் என்பதையே ரீச்சர் நாட்கணக்காகப் பழக்கினார். கடைசி அல்லேலூயாவுக்கு முன் எல்லாக் குரலும் சட்டென்று நிற்குமே, அந்த நிறுத்தத்தில் அவர் கை உயரத்தில் அப்படியே நிற்கும். "கை எழும்பேக்கயே பாட்டுத் தொடங்கீட்டுது. அந்த மூச்சை என்னோட எடுங்கோ." எடுத்தோம். ஒரு குரல்கூட முந்தவில்லை.

தமிழ்க் கீர்த்தனைகளை அவர் ஒருபோதும் நான்கு குரலாக்கவில்லை. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் பாடல்களை எல்லோரும் ஒரே வரியில், வயலினோடும் மிருதங்கத்தோடும் பாடுவோம். கமகம், அதாவது சுரத்தின் அசைவு, எல்லோர் தொண்டையிலும் ஒரே அளவில் அசைய வேண்டும் என்பார். அவர் செய்ததே சரி என்பது என் எண்ணம். ராகத்தின் அசைவை மேலைநாட்டுச் சுரக்கூட்டுக்குள் அடைத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

போரினால் நேர்ந்த 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு அந்த ஆண்டுப் பயிற்சி நின்றது. அதன் பிறகு நாங்கள் திசைக்கொருவராய்ப் போய்விட்டோம்.

இங்கே எல்லா வசதியும் இருக்கிறது. கீபோர்ட், ஆளுக்கொரு மைக், பதிவு செய்த பின்னணி இசை. இவை எல்லாம் சேர்ந்து பிள்ளைகளின் காதை அடைத்துவிடுகின்றன. தனித்தனி மைக்கில் பத்துப் பேர் பாடினால் பத்துத் தனிப்பாட்டுத்தான் வரும். அதனால் பயிற்சியின் முதல் அரை மணி நேரம் எதையும் இயக்க விடமாட்டேன். இசைக்கவை, 'நூ', கலந்து நிற்றல். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேலைநாட்டு மெட்டில் ஒரு குறில் நீண்ட சுரத்தில் வந்து விழுந்தால் 'பலன்' 'பாலன்' ஆகிவிடும். வாயை அகலத் திறக்காமல் அகரத்தின் ஒலி மாறாது நீட்டக் காட்டிக் கொடுக்கிறேன். அதுவும் ரீச்சர் தந்ததுதான்.

என்னுடைய சொல்ஃபா கொப்பிகள் இடப்பெயர்வில் போய்விட்டன. ரீச்சர் எங்கள் குரல்களுக்கேற்ப அமைத்துத் தந்த நத்தார் கீதங்கள் அவற்றில்தான் இருந்தன. உங்களில் யாரிடமாவது ஒரு கொப்பி, கிழிந்த பக்கமானாலும் சரி, இருந்தால் படமெடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். வரும் ஒளிவிழாவில் அவற்றைப் பாடுவதற்கு இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.