என் குட்டி டார்பிடோ ஆழம் பிடித்த கதை

நிஜ டார்பிடோ என்பது கப்பலைத் தாக்க நீருக்கடியில் தானே ஓடும் வெடிகுண்டு. என்னுடையது வெடிக்காது, எதையும் மூழ்கடிக்காது. நீச்சல் குளத்தில் 40 செ.மீ. ஆழத்தில் ஏறாமல் இறங்காமல் ஓடினால் போதும். இவ்வளவுதான் இலக்கு. கூடவே எனக்கு நானே ஒரு நிபந்தனையும் போட்டுக்கொண்டேன்: சென்சார், சிப் எதுவும் உள்ளே போகக் கூடாது. 1860-களில் ஒரு பட்டறையில் கிடைத்திருக்கக்கூடிய ஸ்பிரிங், சவ்வு, ஈயம் மட்டும்தான். மோட்டாருக்கு மட்டும் விலக்கு. காற்றை அழுத்தி அடைத்த குழாயோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

ராபர்ட் வைட்ஹெட்டுக்கு அந்தத் தைரியம் இருந்தது. ஆட்ரியாட்டிக் கரையில், இன்று குரோஷியாவின் ரியேகா எனப்படும் ஃபியூமே நகரில் எந்திரத் தொழிற்சாலையை நிர்வகித்து வந்த ஆங்கிலேயர் அவர். ஜொவான்னி லூப்பிஸ் என்ற ஓய்வுபெற்ற ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி, கரையிலிருந்தே கயிறு பிடித்து ஓட்டும் வெடிபடகு யோசனையோடு 1864-ல் அவரிடம் வந்தார். கயிறு வேலைக்காகாது என்று கண்ட வைட்ஹெட், தண்ணீருக்குள் தானே ஓடும் ஒன்றை 1866-ல் செய்து காட்டினார். மணிக்கு ஆறேழு கடல் மைல் வேகம். அதற்கு முன்பு டார்பிடோ என்றால் கண்ணிவெடி மாதிரியான சமாச்சாரம்தான். தொட்டால் மின்னதிர்ச்சி தரும் திருக்கை மீனின் லத்தீன் பெயர் அது.

சரி, என்னுடையதற்கு வருகிறேன். 60 செ.மீ. பிவிசி குழாய். பின்பகுதியில் பேட்டரி, மோட்டார், ஒற்றை புரொப்பல்லர். நடுப்பகுதியில் தண்ணீர் தாராளமாக வந்து போகும். அங்கே 4 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்கும். ஆழம் 10 செ.மீ. கூடினால் சவ்வின் மேல் ஏறத்தாழ 125 கிராம் எடை வைத்த மாதிரி அழுத்தம் கூடும். அந்த நகர்வு ஒரு கம்பி வழியாக வால்பக்கத்துக் கிடைச் சுக்கானைத் திருப்பும். ஆழம் அதிகமானால் மூக்கு மேலே, குறைந்தால் கீழே. காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் ஓட்டம்: கீழே போனது, மேலே வந்து துள்ளியது, மறுபடி கீழே போய்த் தரையில் இடித்தது. டால்பின் வளர்க்கிறாயா என்று நண்பர் கேட்டார். ஸ்பிரிங்கை இறுக்கினேன், தளர்த்தினேன், சுக்கானைச் சிறிதாக்கினேன். இரண்டு வாரம் இதே கூத்து. அலையின் நீளம் மாறியதே தவிர அலை போகவில்லை.

எங்கே தப்பு என்று வீடியோவை மெதுவாக ஓட்டியபோதுதான் புரிந்தது. சரியாக 40 செ.மீ. ஆழத்தைத் தொடும்போது சுக்கான் நேராகிவிடுகிறது. ஆனால் அந்த நொடியில் மூக்கு கீழ்நோக்கித்தானே இருக்கிறது? ஊஞ்சல் நடுவுக்கு வரும்போதுதான் அதன் வேகம் அதிகம். அது போலத்தான் இதுவும். சவ்வுக்குத் தான் இருக்கும் ஆழம் தெரியும், போய்க்கொண்டிருக்கும் திசை தெரியாது.

வைட்ஹெட்டும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். 1868 வாக்கில் அவர் கண்ட தீர்வு, சவ்வோடு ஓர் ஊசலைச் சேர்ப்பது. மூக்கு கீழே சாய்ந்தால் ஊசல் முன்னே வரும். சுக்கானை மூக்கு தூக்கும் பக்கமாகத் தள்ளும். ஆக, குறித்த ஆழத்தைத் தொடுவதற்கு முன்பே உடல் நிமிரத் தொடங்கிவிடும். இந்த அமைப்புக்கு 'ரகசியம்' என்றே பெயர். வாங்கிய கடற்படைகளும் அதைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தன. ஈயக்குண்டைத் தொங்கவிட்டதற்கு இவ்வளவா என்று முன்பெல்லாம் நினைத்திருக்கிறேன். இப்போது நினைக்க மாட்டேன்.

6 செ.மீ. கம்பியில் 20 கிராம் ஈயம் தொங்கவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. 80 கிராம் வைத்தால் ஊசலின் பிடிவாதம் ஓங்கி, மூக்கைச் சாய்க்கவே விடவில்லை. குளம் முடியும் வரை 15 செ.மீ. ஆழத்திலேயே போனது. 45 கிராமில் கொஞ்சம் படிந்து வந்தது. ஆனால் புதிய தொல்லை ஒன்று: கையை விட்டதும் தலைகீழாகப் பாய்கிறது. வேகம் எடுக்கும்போது பேருந்தில் நிற்பவர் பின்னால் சாய்வது போல ஊசலும் பின்னால் போகிறது. மூக்கு தூக்கியிருக்கிறது என்று நினைத்துச் சுக்கான் கீழே இறக்குகிறது. அப்புறம் ஊசலை ஓர் ஊசியால் பூட்டி, ஊசியில் 2 மீட்டர் நூல் கட்டி, மறுமுனையைக் குளத்தின் விளிம்பில் முடிந்தேன். வேகம் பிடித்த பிறகு நூல் ஊசியை உருவிவிடும். மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த பாகம் இதுதான்.

ஒற்றை புரொப்பல்லரின் திருகலால் உடல் உருண்டதையும் சொல்ல வேண்டும். நிஜ டார்பிடோக்களில் பிறகு எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர்கள் வந்தன. நான் சோம்பேறித்தனமாக வயிற்றில் ஈயப்பட்டை ஒட்டினேன்.

நேற்றைய கணக்கு: பத்து ஓட்டங்களில் எட்டு, குளத்துச் சுவரில் நான் ஒட்டிய அளவுகோலில் 40-க்கு மேலும் கீழும் 6 செ.மீ.க்குள்.

சவ்வுக்கான துளையை எங்கே போடுவது என்று யோசித்தபோது அமெரிக்காவின் மார்க் 14 என்ற டார்பிடோ நினைவுக்கு வந்தது. 1942-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் மீன்வலையைக் கட்டி அதில் செலுத்திப் பார்த்தபோது, குறித்ததைவிட ஏறத்தாழ 3 மீட்டர் ஆழமாக ஓடுவது வெளிப்பட்டது. ஆழமறியும் கருவியை வால் குறுகும் இடத்தில் வைத்திருந்தது ஒரு காரணம். உடலை ஒட்டி ஓடும் நீரால் அங்கே அழுத்தம் குறைந்து காட்டும். ஆழம் போதவில்லை என்று நினைத்து டார்பிடோ இன்னும் கீழே இறங்கும். மணிக்கு 46 கடல் மைல் வேகத்தால் உண்டாகும் ஓட்ட அழுத்தம் 28 மீட்டர் ஆழத்து நீரின் அழுத்தத்துக்குச் சமம். அதில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே அந்த 3 மீட்டர் வந்துவிடுகிறது. நொடிக்கு 1 மீட்டர் போகும் என் குழாய்க்கு மொத்தமே 5 செ.மீ.தான். அதனால் துளையை வசதிப்பட்ட இடத்தில் போட்டுவிட்டேன்.

ஆழம் ஒருவழியாகப் படிந்தாலும் திசை இன்னும் படியவில்லை. எப்படி விட்டாலும் இடப்பக்கம் வளைந்து சுவரை முட்டுகிறது. 1890-களில் லுட்விக் ஒப்ரி, திசை மாறாமல் பிடித்து வைக்கும் ஜைரோஸ்கோப் என்ற சுழல் சக்கரத்தைப் பொருத்தும் வரை நிஜ டார்பிடோக்களுக்கும் இந்த நோய் இருந்தது. பழைய பொம்மை ஜைரோஸ்கோப் ஒன்று கைவசம் உள்ளது. 5 செ.மீ. குழாய்க்குள் நுழையாது என்பது இப்போதைக்குத் தகராறு.