லோக்கலில் கழிப்பறை கிடையாது: செம்பூர் நாட்குறிப்பு

ஜூன் 12
மழை. குர்லா தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடலின் உள்தோல் புண்ணாகும் நோய்) உள்ளவளுக்கு இதைவிடப் பொல்லாத இடம் இல்லை. மும்பை லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி வரை எந்த ஸ்டேஷனில் எந்த நடைமேடை ஓரம் கழிப்பறை என்பது எனக்கு மனப்பாடம்.

ஜூன் 16
ஸ்டீராய்டு 40 மில்லிகிராமில் தொடங்கியது. 15-க்கு இறக்கினாலே மலத்தில் ரத்தம் திரும்பி வருகிறது. "இனி ட்ரிப்பில் ஏற்றும் மருந்துதான்" என்றார் டாக்டர், என் கணவரைப் பார்த்து. செலவு, தேதி எல்லாம் இவரிடமே. என் பக்கம் நகர்ந்து வந்தது கையெழுத்துப் படிவம் மட்டும். இவரே, "சாப், இவளிடம் சொல்லுங்கள்" என்றார். சொல்லவில்லை. நானும் கையெழுத்துப் போடவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: என்ன சிகிச்சை, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். அந்த வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவர் அம்மா தந்த சம்மதம்கூடச் செல்லவில்லை.

ஜூன் 21
சயன் பக்கம் வேறொரு டாக்டர். ஃபைலைத் திறக்கும் முன்பே, "இந்த நோயில் உங்களுக்கு எது பெரிய தொல்லை?" என்று கேட்டார். ரத்தம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். கழிப்பறைக்கு ஓட வைக்கும் அவசரம்தான் என்றேன். ரத்தம் போனால் பயம்; அவசரம் வந்தால் வேலையே போய்விடும்.

ராத்திரி எனிமா, அதாவது ஆசனவாய் வழியாக ஏற்றும் மருந்து, பற்றியும் கேட்டார். குடல் அழற்சியைக் குறைக்கும் மெசாலமைன் மாத்திரையோடு எனிமாவும் சேர்ந்தால் பலன் கூடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்களுடையது ஒன் ரூம் கிச்சன். ஹாலில் அத்தை, மகன், டிவி. எனிமா வைத்துக்கொண்டு இடது பக்கமாகப் படுத்துக் கிடக்க ஒரு மூலை வேண்டாமா? இதுவரை எந்த டாக்டரும் கேட்காததை அவர் ஃபைலில் எழுதிக்கொண்டார்.

என் பேச்சுக்கெல்லாம் அவர் தலையாட்டவும் இல்லை. "தொல்லை நின்றால் போதும் என்று நினைக்காதீர்கள். குடலின் உள்தோல் ஆற வேண்டும். மலத்தில் எடுக்கும் கால்புரொடெக்டின் டெஸ்டும், கேமராவால் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும்தான் அதைச் சொல்லும்" என்றார். அது அவருடைய கணக்கு. என் கணக்கு ரயில். இரண்டும் ஒரே தாளில் ஏறியது இன்றுதான்.

ஜூன் 22
மூன்று வழி சொல்லியிருக்கிறார். டோஃபாசிடினிப் மாத்திரை: வீட்டிலேயே சாப்பிடலாம், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். ஆனால் அக்கி வரலாம், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு, கர்ப்பத்தில் ஆகாது. இரண்டாவது குழந்தை பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆக, அது கழிந்தது. மிச்சம் இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப். இரண்டும் ட்ரிப்தான்: முதல் நாள், 2-ம் வாரம், 6-ம் வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை. முன்னது சீக்கிரம் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் உடம்பில் பதுங்கியிருக்கும் டிபியைக் கிளப்பிவிடலாம். பின்னது பெரும்பாலும் குடலோடு நிற்கும். மெதுவாகத்தான் வேலை செய்யும்.

அத்தை: "காரத்தைக் குறைச்சு மோர் குடிடி, எல்லாம் சரியாப் போகும்." சரி அத்தை.

ஜூன் 28
தாராவியில் இருந்த காலத்தில் அப்பாவுக்கு டிபி வந்தது. எல்லோரும் ஒரே அறையில்தான் படுத்தோம். எந்த ரிப்போர்ட்டிலும் இது இல்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். மார்பு எக்ஸ்ரே, டிபிக்கான ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி மூன்றும் எடுக்கச் சொன்னார்.

ஜூலை 4
எல்லாம் நெகட்டிவ். இன்ஃப்ளிக்சிமாபும் போடலாம் என்றார். "நீங்களாக இருந்தால்?" என்று கேட்டேன். தோழி ஒருத்தி, "உங்கள் இஷ்டம், நீங்களே முடிவு பண்ணுங்கள்" என்று சொன்ன டாக்டரிடம் மாட்டிக்கொண்டு தவித்தாள். அது கை கழுவுவது. இவர் நழுவவில்லை. "இப்போது நீங்கள் படுக்கையில் கிடக்கும் அளவுக்கு இல்லை. மெதுவான மருந்துக்குக் காத்திருக்கலாம். டிபி வந்த வீடு என்பதால் வெடோலிசுமாப் பக்கம்தான் சாய்வேன். செலவு தாங்குமா என்பதை நீங்கள் சொல்லுங்கள்."

ஆபீஸ் மெடிக்ளெய்ம் காப்பீட்டில், அன்றே வீடு திரும்பும் டே கேர் ட்ரிப்புக்குப் பணம் உண்டு. வெடோலிசுமாப் என்றேன். அது பிடிக்கும்வரை ஸ்டீராய்டு நிற்காது, மெல்லக் குறையும். 14-வது வாரம் வரை பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு இன்ஃப்ளிக்சிமாப். அதையும் இன்றே ஃபைலில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

முதல் ட்ரிப் அடுத்த சனிக்கிழமை.