கேத் லேபிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த அனுபவம்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது எக்ஸ்ரே உதவியோடு இதய ரத்தக் குழாய்களைப் பார்த்துச் சிகிச்சை செய்யும் அறையில், டெக்னீஷியனாக இருக்கிறேன். ஈய ஏப்ரன், தைராய்டு காலர், ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் கதிர் அளவைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜ், இதுதான் தினசரி கோலம். கதிர்வீச்சு வேலையில் இருப்பவர்களின் ஆன்டிஆக்சிடன்ட் (செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் பொருள்கள்) அளவைப் பார்க்க, உயிர்வேதியியல் மாணவி ஒருவர் எங்களிடம் ரத்தம் கேட்டார். உடனே சம்மதித்தேன். எவ்வளவு கதிர் பட்டது என்பதை பேட்ஜ் சொல்லிவிடும். அது உள்ளே போய் என்ன செய்தது என்பதைச் சொல்லாது.

ஒப்புதல் படிவம் சீக்கிரம் முடிந்தது. கேள்விகள்தான் நீளம். பீடி, சிகரெட் உண்டா, வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நைட் டியூட்டி எத்தனை, சமீபத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். இதில் எது இருந்தாலும் அளவு மாறிவிடுமாம்.

மறுநாள் வெறும் வயிற்றில் போனேன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்ததும், அதைக் குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி ஐஸ் பெட்டியில் வைத்தார். குலுக்கினால் சிவப்பணு உடையும், கேட்டலேஸ், எஸ்.ஓ.டி. என்ற ஆன்டிஆக்சிடன்ட் என்சைம்கள் அதற்குள்தான் ஏராளம். அவை வெளியே கசிந்தால் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) கணக்கே பொய்யாகிவிடும்.

கதிர் நம் உடலில் உள்ள தண்ணீர் மூலக்கூறை உடைக்கிறது, அதிலிருந்து ஹைட்ராக்சில், சூப்பர் ஆக்சைடு போன்ற, செல்லைச் சேதப்படுத்தும் தனியுறுப்புகள் (ஃப்ரீ ரேடிக்கல்கள்) பிறக்கின்றன என்று விளக்கினார். சூப்பர் ஆக்சைடை எஸ்.ஓ.டி. ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும், அதைக் கேட்டலேஸ் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். ஹைட்ராக்சிலை மடக்கத் தனி என்சைமே கிடையாது.

என் எஸ்.ஓ.டி., ஒப்பீட்டுக்கு எடுத்த அலுவலக ஊழியர்களின் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதல். குளுட்டாதயோன் என்ற இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட் கொஞ்சம் குறைவு. கொஞ்சம் பயந்துதான் போனேன். ஆனால் ஒருவரின் ஒரு நாள் ரத்தத்தை வைத்துக் கதிர்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார். மருத்துவமனை ஊழியர்களிடம் செய்த ஆய்வுகளிலேயே சிலவற்றில் என்சைம் ஏறியிருக்கிறது, சிலவற்றில் இறங்கியிருக்கிறது. 100 மில்லிசீவர்ட்டுக்கு (கதிர் டோஸின் அலகு) கீழே இருப்பதைத்தான் குறைந்த டோஸ் என்கிறார்கள். நம் நாட்டில் எங்களுக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது.

இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு யாரும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்க ஓடாதீர்கள். சிதறும் கதிர் நோயாளியின் உடம்பிலிருந்துதான் நம் மேல் வருகிறது. அதனால் ஓரடி தள்ளி நிற்பதே பெரிய லாபம். உங்களிடமும் ரத்தம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கூடவே டி.எல்.டி. பதிவுகளின் நகலையும் கொடுங்கள், வேலை மாறியவர்கள் பழைய இடத்துப் பதிவையும் கேட்டு வாங்கி.