சேலைக்கடை ஜோக்கில் இல்லாத ஆள்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் போனுக்கு அந்தப் படம் தவறாமல் வந்துவிடும். சேலைக்கடையில் வரிசையாக ஒரு சோபா, அதில் நாலைந்து ஆண்கள், மடியில் பைகள், ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். இன்றைக்கு அதற்கு மீம் என்று பெயர். ஆனால் ஜோக் பழசு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாரப் பத்திரிகையில் கார்ட்டூனாக வந்தது, அப்புறம் பட்டிமன்றத்தில் வந்தது, டிவியில் வந்தது. மனைவி நூறு சேலையை விரிக்கச் சொல்வாள், கணவன் பர்ஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், கடைசியில் அவள் முதலில் பார்த்த சேலையையே எடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த நூறு சேலையையும் விரித்த ஆள் நான். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 2009-லிருந்து 2023 வரை 14 வருடம் சேலை செக்‌ஷனில் நின்றேன். ஜோக்கில் கணவன் இருக்கிறான், மனைவி இருக்கிறாள், சோபாகூட இருக்கிறது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. அதனால் இங்கிருந்து என்ன தெரிந்தது என்று நானே எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பெண் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்பது. ஒரு தடவை மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். கூட வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள். ஒரு பச்சைச் சேலை, அரக்குப் பார்டர், முந்தியில் சின்னச் சின்ன மாங்காய். விரித்துப் போட்டதுமே அவர் கை அந்த முந்திக்குப் போய்விட்டது. உள்ளங்கையால் தடவவில்லை, புறங்கையால் தடவினார். வேலை செய்த கை சொரசொரவென்று இருக்கும், பட்டு நூலை இழுத்துவிடும் என்று பயந்து சில பெண்கள் அப்படித்தான் தொடுவார்கள். அப்புறம் பேசிக்கொண்டே மடிப்பைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தார். 2,450 ரூபாய். சோபா பக்கம் ஒரு பார்வை. வீட்டுக்காரர் போனில் இருந்தார். “ரொம்ப வெயிட்டா இருக்கும்மா, இது வேண்டாம்” என்று சொல்லித் தள்ளி வைத்தார்.

அந்தச் சேலை வெயிட்டே கிடையாது. “வெயிட்டா இருக்கு”, “கலர் போயிடும் போல”, “இந்த மாதிரி எங்கிட்ட ஒண்ணு இருக்கு”: இந்த மூன்றும் விலையைச் சொல்லாமல் விலையைச் சொல்கிற வார்த்தைகள். முதல் வருடம் எனக்கு இது புரியாமல், “இல்லக்கா, தூக்கிப் பாருங்க, லேசாத்தான் இருக்கு” என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவர்கள் முகம் எப்படிப் போகும் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பிறகு கற்றுக்கொண்டேன். ஒன்றும் பேசாமல் கீழ் ரேக்கிலிருந்து அதே பச்சையில், சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் நெய்கிற சேலை ஒன்றை எடுத்துப் போடுவேன், 900 ரூபாய்க்குள் இருக்கும். அன்றைக்கும் போட்டேன். அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டார். ஆனால் பில் போடப் போகிற வரைக்கும் முதல் சேலையின் முந்தியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஜோக்கில் முதல் சேலைக்கே திரும்பி வருவாள் என்று சொல்கிறார்களே, நான் பார்த்தவர்களில் நிறையப் பேர் அதற்குத் திரும்பி வந்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கட்டுகிற சேலைகளை எண்ணிப் பாருங்கள். கல்யாணச் சேலையை மாமியார் வீடு எடுத்திருக்கும். வளைகாப்புச் சேலை அம்மா வீடு. விசேஷ வீட்டில் வைத்துக் கொடுத்தது, அண்ணன் தீபாவளிச் சீராகக் கொடுத்தது, 1983-லிருந்து ரேஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுக்கிற சேலை. எதையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வருடத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், எதிரே ஒருத்தி நின்று “உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்க்கா?” என்று கேட்கிறாள். வேறு யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவர் அவசரமாக ஏன் முடிக்க வேண்டும்? விரித்துக் காட்டி என் தோள் வலித்திருக்கிறது, உண்மை. ஆனாலும் அந்த நேரத்தை நான் யாருக்கும் குறைத்ததில்லை.

தோள் என்றதும் ஞாபகம் வருகிறது. சேலையை மேஜையில் விரித்தால் போதாது, மேலே போட்டுக் காட்ட வேண்டும். யூனிஃபார்ம் சேலைக்கு மேல் முந்தியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். முப்பதாயிரம் ரூபாய் முகூர்த்தப் பட்டெல்லாம் என் தோளில் ஏறி இறங்கியிருக்கிறது. எல்லாம் ஒரு நிமிடம்தான். உடனே எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து வைக்க வேண்டும். மடிப்பு மாறினால் சேலை பழசு மாதிரி தெரியும்.

பிறகு அந்த சீரியல் சேலைகள். எங்கள் மூத்த அக்கா ஒருவர், கூடல்நகர்க்காரர், நதியா காலத்திலிருந்து கடையில் இருந்தவர். 1985-ல் அந்தப் பொண்ணு முதல் தமிழ்ப் படத்தில் வந்த பிறகு கம்மல், வளையல், கொண்டை என்று எதை எடுத்தாலும் நதியா பெயரைச் சொல்லிக் கேட்டார்கள் என்று கதை கதையாகச் சொல்வார். என் காலத்தில் சினிமாவைவிட சீரியல்தான். ராத்திரி எட்டு மணிக்குத் திரையில் வந்த சேலை மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கவுண்டருக்கு வந்துவிடும், போனில் போட்டோவாக. சூரத்திலிருந்து சரக்கு வருவதற்குள் சீரியலில் அந்தப் பெண்ணை வில்லி வீட்டைவிட்டே துரத்தியிருப்பாள். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு, டிவியைப் பார்த்துச் சேலை எடுக்கிறார்களே என்று. ஹீரோ மாதிரி முடி வெட்டிக்கொண்டு, ஹீரோ போட்ட சட்டையைத் தேடி எடுக்கிற ஆண் பிள்ளைகளை ரசிகன் என்கிறோம். அதையே பெண் செய்தால் பைத்தியம் என்கிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை. கதையில் அழுதுகொண்டிருக்கிற ஒருத்தியின் சேலையைத் தானும் கட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவளுக்கு அவள்மேல் ஒரு பாசம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

2010-ல் ‘அங்காடித் தெரு’ வந்தபோது நாங்கள் நாலு பேர் லீவு நாளில் போய்ப் பார்த்தோம். சென்னை ரங்கநாதன் தெருக் கடை, தென் மாவட்டத்துப் பிள்ளைகள். வசந்தபாலன் எடுத்த படம். இடைவேளையில் யாரும் முறுக்கு வாங்கப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு மதினி கேட்டார், “ஏ புள்ள, நெசமாவே உங்கள அடிப்பாங்களா?” எங்களை யாரும் அடித்ததில்லை. உட்கார விட்டதில்லை, அவ்வளவுதான். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது, சீசனில் பத்தரை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கூட்டமே இல்லாத மதியம் மூன்று மணிக்கும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். சாய்ந்து நின்றால் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் செக்‌ஷன் பெயரைச் சொல்லுவார்கள். பாத்ரூம் மொட்டை மாடியில், அதற்கும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதனால் தண்ணீரே குடிக்க மாட்டோம், அதனால் நீர்க்கடுப்பு வரும். மாதவிடாய் நாட்களில் ஒருத்தி பின்னால் இன்னொருத்தி நடந்து, சேலையைப் பார்த்துக்கொள்வோம். “பின்னாடி பாருடி” என்று சொன்னால் போதும். யாரும் எதற்கு என்று கேட்டதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் நாங்கள் நிறையச் சிரித்தோம். வாயைத் திறக்காமல் சிரிக்கப் பழகியிருந்தோம், பற்கள் கேமராவுக்குத் தெரியக்கூடாது என்று. வடிவேலு மதுரைக்காரர், எங்களுக்குப் பக்கத்துத் தெரு ஆள் மாதிரி. சூப்பர்வைசர் திட்டிவிட்டுத் திரும்பியதும் கூடல்நகர் அக்கா தோளை ஒரு குலுக்குக் குலுக்கி, கழுத்தைச் சாய்த்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு நடை நடப்பார், அப்படியே அவர்தான். அடி வாங்கிய பிறகும் சட்டையை உதறிவிட்டு நிமிர்ந்து நடக்கிற அந்த உடம்பு மொழி எங்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது யோசித்தால், அந்த நாளில் எங்கள் கால்களுக்குக் கிடைத்த ஓய்வு அந்த ஒரு நிமிடம்தான்.

அரசியலைப் பற்றி எங்களிடம் யாரும் பேச மாட்டார்கள். தேர்தல் வந்தால் கீழ்த்தளத்தில் வேட்டி கவுண்டர் களை கட்டும், அந்தக் கட்சிக் கரை, இந்தக் கட்சிக் கரை என்று கட்டுக்கட்டாக இறங்கும், வாங்க வருகிறவர்களும் விற்கிற பையன்களும் நின்று தொகுதி தொகுதியாக அலசுவார்கள். ஒருமுறை பில் கொண்டுபோன என்னைப் பார்த்து ஒருவர் அன்பாகத்தான் கேட்டார், “உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம்மா?” நான் எந்தப் பக்கம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் அரசியல் எங்களிடம் வந்தது, பஸ்ஸில் ஏறி வந்தது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்தார்கள். ஒத்தக்கடையிலிருந்து எனக்குப் போக வர ஒரு நாளைக்கு 20 ரூபாய், மாதம் 520. சம்பளம் எனக்கு வந்தாலும் அது வீட்டுக் கணக்கு, ஆனால் இந்த 520 எந்தக் கணக்கிலும் இல்லாத பணம். இரண்டு மாதத்துப் பணத்தைச் சேர்த்து, நரம்பு சுருண்ட என் காலுக்கு டாக்டர் இரண்டு வருடமாக வாங்கச் சொல்லிக்கொண்டிருந்த இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் வாங்கினேன். யார் ஆட்சி, யார் எதிர்க்கட்சி என்ற சண்டையெல்லாம் இருக்கட்டும், ஒரு கையெழுத்து என் முழங்காலுக்குக் கீழே வந்து சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். 2022-ல் ஒரு அமைச்சர் மேடையில் இதை “ஓசி” என்று சொன்னபோது மதியச் சாப்பாட்டில் அதுதான் பேச்சு. கூடல்நகர் அக்கா டிபன் மூடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், “குளிக்கிற சோப்புலருந்து தாளிக்கிற எண்ணெய் வரைக்கும் வரி கட்டுறவடி நானு. எவ ஓசியில போறா?” அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் கண்டக்டரிடம் அந்தப் பூஜ்ய ரூபாய் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, கசங்காமல் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

நாற்காலி விஷயம்தான் எனக்குப் பெரியது. இது எங்கிருந்து ஆரம்பித்தது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அங்கே கடைகளில் நின்ற பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளியோடு சேர்ந்து முதலில் கேட்டது கழிப்பறை. அப்புறம் உட்காரும் உரிமை. அந்தப் போராட்டம் வளர்ந்து 2018-ல் கேரளத்தில் சட்டம் மாறியது. மூன்று வருடம் கழித்து 2021 செப்டம்பரில் நம் சட்டசபையிலும் மசோதா வந்தது. 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவு: வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம். படித்துக் காட்டியது மகள்தான், எட்டாம் வகுப்பு. “இதுக்கெல்லாமா சட்டம்மா? உக்காரதுக்கா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவளுக்கு அது அவ்வளவு சாதாரணமான விஷயமாக இருக்கிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

கடையில் எங்கள் தளத்துக்கு நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது, நாங்கள் இருபது பேர். முதல் நாள் யாரும் உட்காரவில்லை. யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் உட்காரவில்லை. கால் கெஞ்சுகிறது, ஸ்டூல் காலியாக இருக்கிறது, உடம்பு மடங்க மாட்டேன் என்கிறது. இரண்டாம் நாள் மதியம் கூடல்நகர் அக்காதான் உட்கார்ந்தார். 30 வருடத்துக்கு மேல் நின்ற உடம்பு. உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கஸ்டமர் வந்தார், அக்கா எழுந்துவிட்டார்.

நான் 2023-ல் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். இப்போது வீட்டு முன்னறையில் ஃபால்ஸ் தைக்கிறேன், பிக்கோ அடிக்கிறேன், நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை. போன ஆடித் தள்ளுபடிக்கு மகளுக்கு ஒரு தாவணி செட் எடுக்கப் பழைய கடைக்கே போனேன். சேலை செக்‌ஷனில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றோ இரண்டோதான். அந்த ஸ்டூல் அங்கேயே இருந்தது, மேலே தள்ளுபடிச் சேலைகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் பத்தொன்பது, இருபது வயதுப் பெண், எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். நான் அந்த அடுக்கைத் தூக்கி மேஜையில் வைத்தேன். அவள் பதறிவிட்டாள். “அக்கா, என்ன வேணும் சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்.”

“ஒண்ணும் வேண்டாம்மா. நான் நெறைய நேரம் எடுப்பேன், நானே பாத்துக்கிறேன். நீ உக்காரு.”

கேமரா இருக்கிற மூலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள்.