கிராப் எந்த உயரத்தில் திறக்கிறது?

துறைமுகத்தில் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை என்றால், கடலில் எண்ணெய் கொட்டியதும் ஓடுகிற ஆள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதையும், எர்ணாவூர் கரையில் ஆட்கள் வாளியால் எண்ணெய்க் கசடை அள்ளியதையும் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் எண்ணெய்க் கசிவு எப்போதோ ஒருமுறை வருவது. தினமும் என் நேரத்தைத் தின்பது தூசி, அதிலும் நிலக்கரித் தூசி.

கப்பலின் கிடங்கிலிருந்து நிலக்கரியை அள்ளிய கிராப், அதாவது கிரேனில் தொங்கும் இரும்பு வாளி, புனல் வடிவத் தொட்டியான ஹாப்பருக்கு மேலே வந்து வாயைத் திறக்கும். ஹாப்பருக்குள் நன்றாக இறக்கித் திறந்தால் தூசி குறைவு. இரண்டு ஆள் உயரத்திலேயே திறந்துவிட்டால் கருமேகம்தான். இறக்கித் திறக்க ஒவ்வொரு முறையும் கூடுதலாகச் சில விநாடிகள் போதும், ஆனால் ஷிஃப்ட் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் அது டன் கணக்கில் தெரியும், ஆபரேட்டரின் ஊக்கத்தொகை அந்த டன்னில்தான் இருக்கிறது, கப்பல் தாமதமானால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் வேறு. அதனால் கேபினில் உட்கார்ந்திருக்கும் அண்ணனைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை, அவருக்கு எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் செய்கிறார். தண்ணீர் தெளிப்பான், காற்றுத் தடுப்பு, லாரிக்குத் தார்ப்பாய், சக்கரம் கழுவும் தொட்டி எல்லாம் அவசியம்தான், சரி. ஆனால் அவையெல்லாம் கிளம்பிவிட்ட தூசியைத் துரத்துகிற வேலை.

அப்புறம் இந்தச் சராசரி. மூச்சோடு உள்ளே போகும் நுண்தூசியான பிஎம்10-க்கு நம் நாட்டு வரம்பு, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். கிழக்குக் கரையில் பகல் ஏறியதும் கடற்காற்று எழுந்து நேராக ஊருக்குள் வீசும். அந்த நேரத்தில் நாலு கிராப் ஓடினால் மதிலுக்கு அந்தப் பக்கம் மொட்டை மாடியில் காயப்போட்ட துணி கறுத்துவிடும். கப்பல் நிற்கும் பெர்த் காலியாகக் கிடந்த இரவையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வரம்புக்குள்தான் வரும். அறிக்கையும் உண்மை, துணியைக் காட்டும் அம்மா சொல்வதும் உண்மை. அதனால்தான் காற்றின் திசையையும் கிரேன் ஓடிய நேரத்தையும் நிமிடவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சண்டை போடுகிறேன்.

ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் மக்கள் கருந்தூசியைப் பற்றிப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வதை உயர் நீதிமன்றம் 2011-ல் நிறுத்தச் சொன்னது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரம் மூச்சுவிட்டது, ஆனால் அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த ஊருக்குத்தான் அந்தச் சரக்கு போனது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

கப்பல் பக்கம் கதையே வேறு. எண்ணெய்ப் பதிவேடு, குப்பைப் பதிவேடு எல்லாம் கப்பல் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போல் விதிப்படி இருக்க வேண்டும், பெரிய குளறுபடி இருந்தால் கப்பலையே தடுத்து வைக்கலாம், அதனால் கேப்டன்கள் கவனமாக இருக்கிறார்கள். கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்கு 2020 ஜனவரி 1-ல் இறங்கியது. முடியவே முடியாது என்று பேசிய தொழில்தான் அது, ஆனாலும் மாறியது.

கரையில் கிராப் திறக்கும் உயரத்துக்கு அப்படி ஒரு பிடி இல்லை. காற்று ஊர்ப்பக்கம் பலமாக அடிக்கும்போது வேலையை நிறுத்தலாமா என்று கேட்டால், அந்த நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விதான் முதலில் வருகிறது. உரக் கப்பலில் மழை விழுந்தால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. உடனே கிடங்கின் மூடியான ஹேட்ச் மூடப்படும், பெரும்பாலான ஒப்பந்தங்களில் சரக்கு இறக்கக் கப்பலுக்குக் கொடுத்த நேரக் கணக்கில் மழை நேரம் சேராது. சரக்கு நனையக் கூடாது என்பதற்குச் செய்ததை ஊருக்கும் செய்யலாமே. சரக்கை ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர் நிறுவனத்தின் ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போதெல்லாம் இரண்டு வரி சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன்: கிராப் திறக்கும் உயரத்துக்கு ஒரு வரம்பு, பலத்த காற்றால் நின்ற நேரத்தை மழை நேரம் போலவே கழிப்பது. முதல் வரியை ஒப்புக்கொள்ள வைத்தாயிற்று. இரண்டாவது இன்னும் வணிகப் பிரிவின் மேசையில் இருக்கிறது.