அட்டாச்மென்ட் இல்லாமலே வந்த ரிஜெக்‌ஷன்

ஒரே வாரத்துல ரெண்டு பேரு என்ன வேணாம்னுட்டாங்க. செவ்வாக்கிழம ஒரு பத்திரிகை, வெள்ளிக்கிழம அவ. எட்டு மாசம் ஆச்சு, இப்பதான் இத எழுதுற அளவுக்குத் தெளிஞ்சிருக்கேன்.

மொதல்ல என் மடத்தனத்த சொல்லிடுறேன். அவள மனசுல வச்சு 14 பக்கத்துல ஒரு கதை எழுதி பத்திரிகைக்கு அனுப்பிட்டு, கொஞ்ச நாள் கழிச்சு அதையே "படிச்சுப் பாரு"ன்னு அவளுக்கும் அனுப்பி வச்சேன். வாய்விட்டு சொல்ல தைரியம் இல்ல, நம்ம சொல்லாதத கதை சொல்லிடும்னு நெனப்பு. தயவு செஞ்சு யாரும் இத பண்ணாதீங்க. ரெண்டும் சேந்து விழுந்தப்ப எது எங்க வலிக்குதுன்னே பிரிச்சுப் பாக்க முடியல, எழுத்து மோசமா இல்ல நானே மோசமான்னு ஒரே குழப்பம்.

பத்திரிகைல இருந்து வந்தது ரெண்டே வரி, "தங்கள் படைப்பைக் கவனமாகப் பரிசீலித்தோம், பயன்படுத்த இயலவில்லை." அவ நேர்ல வந்து சொன்னா. "கதை நல்லாருக்குடா. ஆனா அதுல வர்ற பொண்ணு நான் இல்ல, நீயா ஒருத்திய செஞ்சு வச்சுட்டு அவகூட பேசிட்டு இருக்க."

அன்னைக்கு தலையாட்டிட்டு வந்துட்டேன். அதோட நிறுத்தியிருக்கணும். ராத்திரி ஒன்றரை மணிக்கு "ஏன்"னு கேட்டு ஒரு முழ நீளத்துக்கு மெசேஜ் போட்டேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல. காலைல நானே படிச்சுப் பாத்தேன், கூசிப்போச்சு. ராத்திரி பத்து மணிக்கு மேல என்ன தோணுனாலும் நோட்ஸ்ல டைப் பண்ணுங்க, அவங்க சேட்டத் தொறக்காதீங்க.

டிபிய பாக்குறது இன்னொரு வியாதி. காதல் வந்தா மூளைல என்ன நடக்குதுன்னு ஆராய்ஞ்ச அமெரிக்க மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷரோட டீம் 2010-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, காதல்ல கைவிடப்பட்ட 15 பேருக்கு அந்த ஆளோட போட்டோவ காட்டி மூளைய ஸ்கேன் பண்ணிருக்காங்க, கொகெயின் ஏக்கத்துல வேல செய்யுற பகுதிங்க அங்கயும் வேல செஞ்சிருக்கு. இத படிச்சதும் எனக்கு வெக்கம் கொஞ்சம் கொறஞ்சுது. இது போதை மாதிரிதான்னா கண்ணுல படாம வைக்கிறதுதான் வழின்னு சேட்ட ஆர்க்கைவ்ல தள்ளி நம்பரையும் அழிச்சேன். ரெண்டு வாரம் கை சும்மா சும்மா போன தேடுச்சு, அப்புறம் விட்டுருச்சு.

ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பெரிய எழுத்தாளர்கள் ரிஜெக்ட் ஆன கதையா சொன்னாங்க. எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, கடைசில ஜெயிச்சவனோட கதை மட்டும்தானே நம்ம காதுக்கு வருது?

என்ன தூக்கி விட்டது வேற ஒண்ணு. மூணு மாசம் கழிச்சு அந்தக் கதைய இன்னொரு எடத்துக்கு அனுப்பலாம்னு சென்ட் ஃபோல்டர்ல பழைய மெயில தொறக்குறேன், பணிவா வணக்கம் இருக்கு, தன்குறிப்பு இருக்கு, ஃபைல் இல்ல! நான் அட்டாச்சே பண்ணல! இல்லாத கதையதான் அவங்க "கவனமாகப் பரிசீலித்து" வேணாம்னுருக்காங்க. தனியா உக்காந்து அப்படி சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும்தான் ஒறச்சுது, முழுசா படிச்சுட்டு வேணாம்னு சொன்ன ஒரே ஆளு அவதான்.

அப்புறம் மூணு எடத்துக்கு அனுப்பினேன், இந்தத் தடவ ஃபைலோட. எங்க, என்னைக்கு, என்ன பதில்னு ஒரு நோட்டு போட்டு எழுதிக்கிட்டேன், இல்லன்னா தினமும் இன்பாக்ஸத்தான் நோண்டிட்டு இருப்போம். ஒரு எடத்துல இருந்து பதிலே இல்ல, ஒண்ணு வழக்கமான ரெண்டு வரி. மூணாவதும் வேணாம்தான், ஆனா கீழ யாரோ தன் கையால டைப் பண்ணிருந்தாங்க, "கடைசி ரெண்டு பக்கம் தேவையில்லை, எடுத்துவிட்டு மீண்டும் அனுப்புங்கள்."

அந்த ரெண்டு பக்கத்துலதான் அந்தப் பொண்ணு சரின்னு சொல்லுவா.

மனசே வரல, நாலு நாள் இழுத்தடிச்சேன். நேத்து வெட்டிட்டு 12 பக்கமா அனுப்பிட்டேன். அட்டாச்மென்ட் இருக்கான்னு மூணு தடவ பாத்துட்டுதான்.